துபாயில் எதைச் சூக்கில் வாங்குவது, எதை மாலில் வாங்குவது?

விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்புகிறவர்களும், பிள்ளைகளைப் பார்க்க வருகை விசாவில் வந்திருக்கும் பெற்றோரும் துபாயில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. நகை, குங்குமப்பூ, அத்தர், துணி, கைப்பேசி என்று பட்டியல் நீளமாக இருக்கிறது. கையில் இருப்பதோ இரண்டு மாலைப் பொழுது. பழைய துபாய்ப் பகுதியான தேராவின் சூக்குக்கு, அதாவது பழைய கடைவீதிக்குப் போவதா, மாலுக்குப் போவதா? சூக்கில் மலிவு, மாலில் தரம் என்று ஒரே வரியில் பதில் சொல்லி அனுப்பிவிடுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். இரண்டு இடத்திலும் பல ஆண்டுகளாகச் சரியாகவும் தவறாகவும் வாங்கியவன் என்ற முறையில், அந்த ஒரு வரிப் பதில் பலருடைய பணத்தை வீணாக்கியிருக்கிறது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ஏனென்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இடத்தைப் பற்றியதல்ல, பொருளைப் பற்றியது. நாம் வாங்கும் பொருளில் குறை இருந்தால் அது கடையில் நிற்கும்போதே கண்ணுக்கும் கைக்கும் மூக்குக்கும் தெரிந்துவிடுமா, வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியவருமா? கடையிலேயே தெரிந்துவிடும் பொருளைச் சூக்கில் வாங்குவதில் நமக்கு லாபம் உண்டு. பின்னால் தெரியவரும் பொருளுக்கு மாலின் பில்லும் மாற்றித்தரும் வழக்கமும் தேவைப்படும். இந்த ஒன்றை வைத்துக்கொண்டு பார்த்தால் பட்டியல் தானாகவே இரண்டாகப் பிரிந்துவிடுகிறது.

## எவற்றைக் கொண்டு எடைபோடுவது

மேலே சொன்னதுதான் முதல் அளவுகோல். இரண்டாவது, கடைசியில் கையை விட்டுப் போகும் மொத்தத் தொகை. சீட்டில் எழுதியிருக்கும் விலை மட்டும் விலையல்ல. 2018 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கும் 5 சதவீத மதிப்புக் கூட்டு வரி, டாக்ஸிக் கட்டணம், வழியில் சாப்பிடுவது, ஊர் விமான நிலையத்தில் கட்ட வேண்டிவரும் சுங்கம் எல்லாம் அதில் அடங்கும். மூன்றாவது, வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்பது. இதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது: திருப்பிக் கொடுக்கும் உரிமை நீங்கள் துபாயில் இருக்கும் நாள்வரைதான் பயன்படும். நாளை இரவு விமானம் ஏறுகிறவருக்கு, முப்பது நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்ற உறுதிமொழி வெறும் காகிதம். அதற்காகக் கூடுதல் விலை கொடுப்பதில் பொருளில்லை. நான்காவது, நேரமும் உடல் அலைச்சலும். வயதானவர்களும் கைக்குழந்தையும் உடன் இருந்தால் இதுவே முதல் அளவுகோலாகிவிடும்.

## சூக் எது, மால் எது

பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். துபாய் மாலுக்கு எதிரே சூக் அல் பஹார் இருக்கிறது. ஜுமைராவில் சூக் மதீனத் இருக்கிறது. துபாய் மாலுக்குள்ளேயே தங்க சூக் என்ற பெயரில் ஒரு பகுதி இருக்கிறது. இவை பார்க்க அழகானவை. ஆனால் கடை வாடகையிலும் விலை வைக்கும் முறையிலும் மால்களே. இந்தக் கட்டுரையில் சூக் என்று நான் சொல்வது கோர் எனப்படும் உப்பங்கழியின் இருகரையிலும் இருக்கும் பழைய கடைவீதிகளை: தேரா பக்கத்தில் தங்க சூக், மசாலா சூக், அத்தர்க் கடைகள், நாயிஃப் சூக், எதிர்க்கரையான பர் துபாயில் துணி சூக், அதை ஒட்டிய மீனா பஜார். இரு கரைகளுக்கும் இடையே அப்ரா படகு ஓடுகிறது, கட்டணம் 1 திர்ஹம். ஈரானிலிருந்தும் இந்தியக் கரையிலிருந்தும் பாய்மரக் கப்பல்கள் சரக்கு இறக்கிய துறை இது. மரக்கலங்கள் இன்றும் தேராக் கரையில் வரிசையாகக் கட்டப்பட்டிருப்பதையும், குளிர்பதனப் பெட்டியும் அரிசி மூட்டையும் அவற்றில் ஏறுவதையும் பார்க்கலாம்.

மால்கள் பின்னால் வந்தவை. அல் குரைர் சென்டர் 1981இலும், தேரா சிட்டி சென்டர் 1995இலும், பனிச்சறுக்கு அரங்கத்தோடு மால் ஆஃப் தி எமிரேட்ஸ் 2005இலும், 1,200க்கும் மேற்பட்ட கடைகளோடு துபாய் மால் 2008 நவம்பரிலும் திறக்கப்பட்டன. லுலு போன்ற ஹைப்பர் மார்க்கெட்டுகளையும் கராமா கடைவீதியையும் நம்மவர்கள்தாம் அதிகம் பயன்படுத்துகிறார்கள். அவை இரண்டுக்கும் நடுவில் நிற்பவை. தேவைப்படும் இடத்தில் மட்டும் அவற்றைத் தொடுகிறேன்.

## தங்கம்

அதிகப் பணம் புழங்குவதும் அதிகத் தவறு நடப்பதும் இங்கேதான் என்பதால் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தங்க சூக்கில் தங்கம் மலிவு என்பது ஒரு தவறான நம்பிக்கை. 24, 22, 21, 18 கேரட் தங்கத்தின் ஒரு கிராம் சில்லறை விலை நகை வணிகர்களின் அமைப்பு வழியாக நாள்தோறும் அறிவிக்கப்படுகிறது. சூக்கில் இருக்கும் கடையும் மாலில் இருக்கும் கடையும் அந்த விலையைத்தான் பலகையில் போடுகின்றன. அதில் பேரம் கிடையாது. பேரம் இருப்பது செய்கூலியில். நம் ஊர் நகைக்கடைகளைப் போலச் சேதாரம் என்று தனியாக ஒரு சதவீதம் போடும் வழக்கம் இங்கே பொதுவாக இல்லை. கிராமுக்கு இத்தனை திர்ஹம் என்றோ, நகைக்கு மொத்தமாக இவ்வளவு என்றோ செய்கூலி சொல்வார்கள். அந்த ஒரு எண்ணில்தான் சூக்கும் மாலும் வேறுபடுகின்றன.

கணக்கு எளிதாக இருக்கட்டும் என்பதற்காக ஒரு கிராம் 400 திர்ஹம் என்று வைத்துக்கொள்வோம். 20 கிராம் சங்கிலியில் தங்கத்தின் மதிப்பு 8,000 திர்ஹம். கிராமுக்கு 35 திர்ஹம் செய்கூலி என்றால் 700 சேர்ந்து 8,700, வரியோடு 9,135. அதே சங்கிலிக்குக் கிராமுக்கு 20 திர்ஹம் என்று பேசி முடித்தால் 400 சேர்ந்து 8,400, வரியோடு 8,820. வித்தியாசம் 315 திர்ஹம். குடும்பத்தோடு டாக்ஸியில் போய்வந்து சாப்பிட்டாலும் அதில் பாதிக்கு மேல் மிஞ்சும். ஆனால் 4 கிராம் மோதிரத்துக்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 63 திர்ஹம்தான் மிச்சம். சிறிய நகைக்காக வெயிலில் சூக்குக்கு அலைய வேண்டியதில்லை.

சூக்கில் பேரம் நடக்கும் விதத்தை ஒருமுறை பார்த்தவர்களுக்கு மறக்காது. அங்கே பேச்சைவிடக் கால்குலேட்டர்தான் அதிகம் பேசும். கடைக்காரர் சங்கிலியைத் தராசில் வைத்து, இரண்டு தசமப் புள்ளி வரை எடையைக் காட்டி, கால்குலேட்டரில் ஒரு எண்ணை அடித்துக் கண்ணாடிப் பலகை மேல் நம் பக்கம் தள்ளுவார். நாம் அதை அழித்து நம் எண்ணை அடித்து அவர் பக்கம் தள்ள வேண்டும். போன ஆண்டு என் தங்கையின் மகளுக்கு வளையல் வாங்கப் போனபோது, கடையில் இருந்த மலையாளி சேட்டன் நான்கு முறை எண்ணை மாற்றி அடித்தார். ஐந்தாவது முறை அடிக்காமல், “அண்ணா, இதுக்குக் கீழ முதலாளி சம்மதிக்க மாட்டார்” என்றார். தங்கம், செய்கூலி, வரி ஆகிய மூன்றையும் தனித்தனியாக எழுதித் தரச் சொன்னேன். எழுதியபோதுதான் முதலில் அவர் அடித்த தொகையில் வரி சேர்ந்திருந்ததும், கடைசியாகச் சொன்ன தொகையில் சேராமல் இருந்ததும் தெரிந்தது. அவர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்லமாட்டேன். ஒரே எண்ணை மட்டும் பார்த்துப் பேரம் பேசினால் இப்படித்தான் ஆகும். மூன்றையும் பிரித்து எழுதச் சொல்லுங்கள். மறுக்கும் கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

எழுந்து வரத் தயாராக இருப்பதுதான் சூக்கில் நமக்கிருக்கும் பெரிய பலம். பத்தடி தள்ளி இன்னொரு கடை இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும். மாலில் உள்ள நகைக்கடையிலும் செய்கூலியைக் குறைத்துக் கேட்கலாம், கேட்டால் குறைப்பார்கள், நம்மவர்கள் பலரும் விலைச்சீட்டைப் பார்த்ததும் கேட்கவே கூச்சப்படுகிறார்கள். மாலின் நன்மை, கேரளத்துப் பெரிய நகை நிறுவனங்களின் கிளைகள் அங்கே இருப்பதும், செய்கூலி இல்லை என்ற சலுகையைத் திருவிழாக் காலங்களில் அவர்கள் தருவதும். ஆனால் அதே நிறுவனங்கள் சூக்கைச் சுற்றிலும் கிளை வைத்திருக்கின்றன என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

தரத்தைப் பொறுத்தவரை இரண்டு இடத்துக்கும் ஒரே எச்சரிக்கைதான். அரபுகள் விரும்பி வாங்குவது 21 கேரட். நாம் வாங்குவது 22. கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டும் ஒரே மஞ்சளாகத்தான் மின்னும். நகையின் உட்புறத்தில் 22 கேரட்டுக்கு 916 என்றும், 21க்கு 875 என்றும், 18க்கு 750 என்றும் முத்திரை இருக்கும். கடைக்காரரிடம் பூதக்கண்ணாடி வாங்கிப் பார்த்துவிடுங்கள். கல் பதித்த நகையாக இருந்தால் கல்லின் எடையைக் கழித்த நிகர எடையைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கண்ணாடிக் கல்லுக்குத் தங்கத்தின் விலை கொடுத்தவராவீர்கள். இந்தியாவில் 2023 ஏப்ரல் முதல் கடையில் விற்கும் ஹால்மார்க் நகைகளில் ஆறெழுத்து அடையாள எண் கட்டாயம். துபாய் நகையில் அது இருக்காது என்பதால், ஊரில் பின்னாளில் மாற்றப் போகும்போது கடைக்காரர் உரசியும் உருக்கியும் பார்த்தே விலை சொல்வார். எனவே துபாய்ப் பில்லை நகையோடு பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

இனி மறைந்திருக்கும் செலவுகளில் பெரியது, சுங்கம். ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துவிட்டுத் திரும்பும் இந்தியருக்குத்தான் நகைக்கான தனிச்சலுகை உண்டு: ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம். பத்து நாள் சுற்றிப் பார்க்க வந்த அம்மாவுக்கு அந்தச் சலுகை கிடையாது. பெண்ணுக்கு 40 கிராம் என்று யாரோ சொன்னதை நம்பி வாங்கிக்கொண்டு போய், சென்னை விமான நிலையத்தில் கண்கலங்கி நின்றவர்களை எனக்குத் தெரியும். விதிகளும் மதிப்பு வரம்புகளும் மாறக்கூடியவை என்பதால் பயணத்துக்கு முன் சுங்கத் துறையின் அறிவிப்பைப் பார்த்துவிடுவது நல்லது. இந்தியா 2024 ஜூலையில் தங்கத்தின் இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்தபோது இரு நாட்டு விலைக்கும் இருந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கியது. முன்பு துபாயில் வாங்கியவர்கள் சொல்லும் லாபக் கணக்கை அப்படியே நம்பி வரக்கூடாது.

ஆக, 10 கிராமுக்கு மேல் கனமான நகை, பொறுமையாகப் பேசும் ஆள், காலையிலோ முன்னிரவிலோ இரண்டு மணி நேரம்: இம்மூன்றும் இருந்தால் சூக். ஒன்று குறைந்தாலும் மால் போதும்.

## குங்குமப்பூ, மசாலா, சாம்பிராணி

மசாலா சூக்கின் சந்துக்குள் நுழைந்ததும் காய்ந்த எலுமிச்சை, ரோஜா மொட்டு, பட்டை, சாம்பிராணி எல்லாம் கலந்து ஒரு மணம் வரும். கையைப் பிடிக்காத குறையாக அழைப்பவர்களும் வருவார்கள். முகத்தைப் பார்த்தே, “அண்ணா வாங்க, நல்ல குங்குமப்பூ” என்பார் ஈரானியக் கடையின் பையன். இந்தச் சந்தில்தான் நான் என் முதல் பாடத்தைக் கற்றேன். ஒரு கடையில், டப்பியில் அடைக்காத குங்குமப்பூ 10 கிராமை, மாலில் கேட்ட விலையில் பாதிக்கும் குறைவாக வாங்கி மனநிறைவோடு ஊருக்கு அனுப்பினேன். கர்ப்பிணியாக இருந்த தங்கை அதைப் பாலில் போட்ட மறுகணமே பால் செக்கச் செவேலென்று ஆகிவிட்டது; இழைகள் வெளுத்து வைக்கோல் நிறத்தில் மிதந்தன. சாயம் ஏற்றிய குசும்பப்பூ அது. விலையைவிட, வயிற்றில் பிள்ளையோடு இருப்பவள் அதைக் குடிக்கவிருந்தாளே என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

அதன்பின் நான் சூக்கில் குங்குமப்பூ வாங்குவதை விடவில்லை. வாங்கும் முறையை மாற்றிக்கொண்டேன். வீட்டில் தெரியும் குறையைக் கடையிலேயே தெரியவைத்துவிட்டால் அந்தப் பொருள் சூக்குக்கு உரியதாகிவிடுகிறது. கடைக்காரர் எப்படியும் தேநீர் கொடுப்பார்; அதற்குப் பதில் ஒரு குவளை வெதுவெதுப்பான வெந்நீர் கேளுங்கள். நல்ல குங்குமப்பூ இழை இரண்டைப் போட்டால் நீர் மெல்ல மெல்லப் பொன்மஞ்சளாகும். பத்து நிமிடம் கழித்தும் இழை சிவப்பாகவே இருக்கும். உடனே சிவந்தால் சாயம். நாவில் வைத்தால் லேசாகக் கசக்க வேண்டும். இனித்தால் அதில் வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது. மஞ்சள் அடித்தண்டு ஒட்டியிருக்கும் பூஷல், தண்டு நீக்கிய சர்கோல், நீண்டு தடித்த நெகின் என்று ஈரானியக் குங்குமப்பூவில் வகைகள் உண்டு. இவற்றை எடுத்துக்காட்டி வேறுபாடு சொல்லக்கூடிய கடைக்காரர் மாலில் அரிது, சூக்கில் உண்டு. இந்தச் சோதனைக்கு நேரம் இல்லாதவர்கள் ஹைப்பர் மார்க்கெட்டில் முத்திரையிட்ட டப்பியாக வாங்கிவிடலாம். விலை கூடும், கவலை குறையும்.

சாம்பிராணியைத் தயங்காமல் சூக்கிலேயே வாங்கலாம். ஓமானின் தோஃபார் பகுதியிலிருந்து வரும் லுபான், அதாவது நம் ஊரில் குந்திரிக்கம் என்று சொல்லும் பிசின், இங்கே தரம்வாரியாகக் குவிந்திருக்கும். தெளிவாகவும் லேசான பச்சை கலந்த வெண்மையாகவும் இருக்கும் ஹோஜரி உயர்ந்தது; மரப்பட்டையும் தூசியும் ஒட்டிய பழுப்புக் கட்டிகள் தாழ்ந்தவை. ஒரு சிறு கட்டியைக் கடைக்காரரின் தணலிலேயே போட்டு முகர்ந்துவிடலாம். குழம்புக்கும் பிரியாணிக்கும் போட லூமி எனும் காய்ந்த எலுமிச்சையும் சூக்கில்தான் நன்றாக இருக்கும். ஆனால் ஏலக்காய், பட்டை, கிராம்பு ஆகியவற்றை இங்கிருந்து ஊருக்குச் சுமக்க வேண்டாம். போடிநாயக்கனூர் ஏலக்காய் கிடைக்கும் வீட்டுக்குக் கப்பலேறி வந்த ஏலக்காயைக் கொண்டுபோவதில் பெட்டியின் எடைதான் கூடுகிறது.

## அத்தரும் அகிலும்

அத்தர் சூக்குக்கே உரிய பொருள், ஆனால் ஒரே முறை போய் வாங்கும் பொருளல்ல. மணிக்கட்டில் தடவிய முதல் ஐந்து நிமிட மணத்தில் மயங்கி வாங்கினால், ஒரு மணி நேரம் கழித்து எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் மிஞ்சலாம். தடவிக்கொண்டு வெளியே போய்த் தங்க சூக்கைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து முகர்ந்து பாருங்கள். அப்போதும் மணம் நின்றால் விலை கேளுங்கள். தோலா என்ற பழைய எடைக் கணக்கிலும், 3, 6, 12 மில்லி குப்பிகளிலும் விற்பார்கள். அகில் மரச் சில்லுகளை எரித்துக் காட்டாமல் விற்கும் கடையில் வாங்கக்கூடாது. நிறுவனப் பெயர் பொறித்த வாசனைத் திரவியங்களை மட்டும் மாலில் வாங்குங்கள். அட்டைப் பெட்டியையும் ஒட்டுத்தாளையும் அசல்போலவே செய்துவிடுகிறார்கள் என்பதால், அங்கே கண்ணும் மூக்கும் உதவாது.

## துணியும் ஆயத்த ஆடையும்

அளந்து வெட்டித் தரும் துணிக்குப் பர் துபாயின் துணி சூக்கும் மீனா பஜாரும் சிறந்தவை. தையல்காரரும் பக்கத்திலேயே இருப்பார். நெசவும் அகலமும் சாயமும் கையில் எடுத்ததும் தெரிந்துவிடுகின்றன. பஷ்மினா என்று விற்கும் சால்வைகளில் மட்டும் எச்சரிக்கை தேவை, பெரும்பாலானவை விஸ்கோஸ் எனும் செயற்கை இழை. குஞ்சத்திலிருந்து ஒரு நூலை எடுத்து நெருப்பில் காட்டினால் அசல் கம்பளி முடி கருகும் வாடையடிக்கும்; விஸ்கோஸ் காகிதம் எரிவதுபோல எரியும்.

குழந்தைகளுக்கான ஆயத்த ஆடைக்கும் காலணிக்கும் மால். அளவு சரியில்லாமல் போவது வீட்டில்தான் தெரியும். பில் இருந்தால் மாற்றித் தருவார்கள். 1996இல் தொடங்கிய துபாய் ஷாப்பிங் திருவிழா குளிர்காலத்தில் நடக்கும்போதும், கோடைக்காலத் தள்ளுபடியின்போதும் மால்களின் ஆடை விலை சூக்கின் விலைக்குக் கீழே இறங்கிவிடுவதை நானே பலமுறை கண்டிருக்கிறேன். அந்த நாள்களில் நாயிஃப் சூக்கில் பேரம் பேசி மிச்சப்படுத்தியதாக நினைப்பது பல நேரம் மிச்சமே அல்ல.

சூக்கிலும் கராமாவிலும், காதருகே வந்து கைக்கடிகாரம், கைப்பை என்று மெல்லச் சொல்லி மாடிக்கு அழைக்கிறவர்களோடு போகாதீர்கள். அங்கே விற்பது போலி, சட்டத்துக்குப் புறம்பானது, ஏமாந்தால் முறையிடவும் வழியில்லை.

## கைப்பேசியும் மின்சாதனமும்

இதில் யோசிக்கவே வேண்டாம்: மால், அல்லது பெரிய மின்சாதன நிறுவனத்தின் கடை. புதுப்பித்த கைப்பேசியைப் புதிது என்று விற்றால் கடையில் நிற்கும்போது தெரியாது. ஒரு மாதம் கழித்து மின்கலம் காட்டிக்கொடுக்கும். வாங்கும்போது இரண்டு செய்திகளை எழுத்தில் கேளுங்கள்: உத்தரவாதம் இந்தியாவிலோ இலங்கையிலோ செல்லுமா, செல்லுமென்றால் யாருடைய சேவை மையத்தில். அமீரகத்தின் செருகி (பிளக்) செவ்வக முள் கொண்ட மூன்று முனை வகை. தமிழ்நாட்டு வீட்டுச் சுவரில் அது நுழையாது என்பதால் அடாப்டருக்கும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

## விலைச்சீட்டில் இல்லாத செலவுகள்

சூக்கின் செலவு நேரமும் வெயிலும். கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும். தங்க சூக்குக்கு மேலே மரக்கூரை உண்டு, குளிர்சாதனம் இல்லை. கடைகள் பல மதியம் ஒரு மணிவாக்கில் மூடி நான்கு மணிக்குமேல் திறக்கின்றன. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடியும்வரை பெரும்பாலும் திறப்பதில்லை. ரமலானில் நேரமே மாறிவிடும். மதியம் இரண்டு மணிக்கு டாக்ஸியில் வந்து இறங்கி, மூடிய கதவுகளைப் பார்த்து நிற்கும் குடும்பங்களை ஒவ்வொரு வாரமும் காண்கிறேன். மெட்ரோவின் பச்சைப் பாதையில் அல் ராஸ் நிலையத்தில் இறங்கினால் மசாலா சூக்குக்கு நடந்தே போய்விடலாம். கழிப்பறையும் உட்காரும் இடமும் எளிதில் கிடைக்காது. முட்டிவலி உள்ள பெரியவர்களை அழைத்துச் செல்கிறவர்கள் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

மாலின் செலவு வேறுவிதமானது. நடை அங்கேயும் உண்டு. மெட்ரோ நிலையத்திலிருந்து துபாய் மாலுக்குப் போகும் குளிரூட்டிய பாலமே 820 மீட்டர். வாகன நிறுத்தத்துக்கு 2024 ஜூலை முதல் அங்கே சில பகுதிகளில் கட்டணம் வந்துவிட்டது. ஆனால் பணம் கரைவது இவற்றால் அல்ல. நால்வர் கொண்ட குடும்பம் உணவகத் தளத்தில் ஒருவேளை சாப்பிட்டு, பிள்ளைகள் மீன்காட்சியகத்தையோ விளையாட்டு அரங்கையோ பார்க்க அடம்பிடித்து, பட்டியலில் இல்லாத இரண்டு பொருள்களும் பைக்குள் வந்துவிட்டால், தள்ளுபடியில் மிச்சப்படுத்தியது எங்கே போனதென்று தெரியாது. பட்டியலைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போகச் சொல்வது எளிய அறிவுரைதான்; ஆனாலும் அதைக் கடைப்பிடித்த மாதங்களில் என் செலவு குறைந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பழுதான பொருளை மாற்றவோ சரிசெய்யவோ பணத்தைத் திரும்பப் பெறவோ அமீரகத்தின் 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உரிமை தருகிறது. சூக்கில் வாங்கியதற்கும் அது பொருந்தும். துபாயில் பொருளாதாரம் மற்றும் சுற்றுலாத் துறையிடம் முறையிடலாம். ஆனால் முறையிடப் பில் வேண்டும். சூக்கில் வரி இல்லாமல் குறைத்துத் தருகிறேன், பில் வேண்டாம் என்று சொல்லும் கடையில் நாம் மிச்சப்படுத்துவது 5 சதவீதம். விட்டுக்கொடுப்பது இந்த முழு உரிமையை. முறையான பில்லில் கடையின் 15 இலக்க வரிப் பதிவு எண் அச்சாகியிருக்கும்.

## ஒரே பார்வையில்

| பொருள் | குறை எங்கே தெரியும் | சூக் எப்போது | மால் எப்போது |
|---|---|---|---|
| கனமான தங்க நகை | கடையில் (முத்திரை, எடை) | செய்கூலி பேச நேரம் இருந்தால் | செய்கூலிச் சலுகை நாள்களில் |
| சிறிய நகை | கடையில் | வேறு வேலையாகப் போயிருந்தால் | பெரும்பாலும் |
| குங்குமப்பூ | வெந்நீர்ச் சோதனை செய்தால் கடையில் | சோதித்து வாங்கினால் | முத்திரையிட்ட டப்பி போதுமென்றால் |
| சாம்பிராணி, லூமி | கடையில் | எப்போதும் | தேவையில்லை |
| அத்தர், அகில் | ஒரு மணி நேரம் கழித்து | திரும்பி வந்து வாங்க முடிந்தால் | நிறுவனத் திரவியங்களுக்கு மட்டும் |
| வெட்டுத் துணி | கடையில் | எப்போதும் | தேவையில்லை |
| குழந்தை ஆடை, காலணி | வீட்டில் | அளவு உறுதியாகத் தெரிந்தால் | பெரும்பாலும் |
| கைப்பேசி, மின்சாதனம் | வாரங்கள் கழித்து | வேண்டாம் | எப்போதும் |

## இரண்டு மாலைப் பொழுதுதான் இருக்கிறது என்றால்

முதல் மாலையைச் சூக்குக்குக் கொடுங்கள். நான்கரை மணிக்கு அல் ராஸில் இறங்கி மசாலா சூக்கில் குங்குமப்பூவையும் சாம்பிராணியையும் முடித்து, அத்தரைத் தடவிக்கொண்டு தங்க சூக்குக்குப் போய் மூன்று கடையில் செய்கூலி கேட்டு, திரும்பும் வழியில் அத்தரை வாங்கிக்கொண்டு, இருட்டிய பிறகு அப்ராவில் எதிர்க்கரைக்குப் போய்த் துணி பார்க்கலாம். வயதானவர்களை இந்தப் பகுதிக்கு அழைத்து வந்தே ஆக வேண்டும் என்றால் நவம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில் அழைத்து வாருங்கள். மற்ற மாதங்களில் அவர்களை மாலில் அமர்த்திவிட்டு ஒருவர் மட்டும் சூக்குக்குப் போய்வருவதே அவர்கள் உடம்புக்கு நல்லது.

இரண்டாவது மாலை மாலுக்கு. ஆடை அளவு மாறினால் மறுநாள் திருப்பிக் கொடுக்க ஒரு நாளாவது மிச்சம் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். ஊருக்குக் கிளம்பும் அன்று வாங்குவதானால் அந்த வசதிக்கு விலை கொடுக்காதீர்கள்.

அமீரகத்தில் வசிக்காத, 18 வயது நிரம்பிய பயணிகளுக்கு மட்டும் ஒரு வாய்ப்பு உண்டு. வரித் திருப்பித் திட்டத்தில் சேர்ந்திருக்கும் கடையில் குறைந்தது 250 திர்ஹத்துக்கு வாங்கி, பில் போடும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்துகொண்டால், கட்டிய வரியில் 85 சதவீதம், ஒரு பதிவுக்கு 4.80 திர்ஹம் கழித்துக்கொண்டு, திரும்பக் கிடைக்கும். மேலே சொன்ன 8,820 திர்ஹம் சங்கிலியில் வரி 420. கைக்குத் திரும்ப வருவது 352 திர்ஹத்துக்குச் சற்று மேல். மாலில் பெரும்பாலான பெரிய கடைகள் இதில் உண்டு. சூக்கில் பெரிய நகைக்கடைகளில் உண்டு, சிறிய கடைகளில் பலவற்றில் இல்லை. பேரத்தைத் தொடங்கும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். விமான நிலையத்தில் பெட்டிகளை ஒப்படைத்துவிட்டுப் போனால், பொருளைக் காட்டச் சொல்லும்போது கையில் இருக்காது. முதலில் வரித் திருப்பும் முகப்புக்குப் போய்ப் பதிவைச் சரிபார்த்துக்கொண்டு, நகையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, அதன்பிறகு பெட்டியோடு செக்-இன் வரிசையில் நில்லுங்கள்.